கால்வாய் முனை, நான்காம் படி

விட்பி
2 ஜனவரி 1963

அன்புள்ள ஹில்டாவுக்கு,

புத்தாண்டு உனக்கு நன்மையே தரட்டும். உன் இருமல் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். என் முழங்கால் கடற்காற்றின் போக்குக்கேற்ப நடந்துகொள்கிறது. அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது வேறு. உன் கணவனும் என் தம்பியுமான எர்னஸ்ட் சனிக்கிழமை பிற்பகல் என் வாசலில் வந்து நின்றான். ஒரு கையில் பெட்டி, மறு கையில் டிரான்சிஸ்டர் வானொலி, கக்கத்தில் காற்பந்து ஆட்டத்தின்போது சுழற்றிச் சத்தமெழுப்பும் மரக் கிலுகிலுப்பை. பண்டிகை முடிந்து ஓய்வெடுக்க வந்திருக்கிறான் என்று எண்ணி வரவேற்றேன். தேநீர் ஆறுவதற்குள் உண்மையைச் சொன்னான். கால்டர்பரோ டவுன் அணி முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு முதல் டிவிஷனுக்கு ஏறியிருக்கிறதாம். இந்தப் பருவத்தில் சொந்த மைதானத்தில் அவன் நின்று பார்த்த ஒன்பது ஆட்டங்களில் எட்டில் தோல்வியாம், ஒன்று சமநிலையாம். பல் பிடுங்கப் போனதால் ஒன்று, கீத்லியில் ஒரு சவ அடக்கத்துக்குப் போனதால் ஒன்று என அவன் பார்க்காமல் விட்ட இரண்டிலும் வெற்றியாம். ஆகவே அவன் ஊரில் இருக்கலாகாதாம்.

பன்னிரண்டு வயதில் நூற்பாலைக்கு அனுப்பப்பட்டு, பின்னர் பொது நூலகத்தின் தயவால் மட்டுமே கல்வி பெற்றவள் நான். காரணம் எது, தற்செயல் எது என்று பிரித்தறிய எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும் என்றே இதுநாள்வரை எண்ணியிருந்தேன்.

இன்று காலை அவன் என் விடுதியில் பதினொரு ஆண்டுகளாகத் தங்கியிருக்கும் மிஸ் த்ரெல்ஃபாலிடம், சனிக்கிழமைகளில் மட்டும் கரண்டியை இடக்கையில் பிடித்துக் கஞ்சி குடிக்க முடியுமா என்று கேட்டான். இரண்டு வாரம் பொறுத்துக்கொள்கிறேன். அதற்குமேல் இல்லை.

உன் நலம் நாடும்,
வினிஃப்ரெட் ஆக்ராய்ட்


கால்டர்பரோ
9 ஜனவரி 1963

அன்புள்ள வினிஃப்ரெட்,

இங்கே நான் சுகம். இருமல் போய்விட்டது, அதற்குப் பதிலாகக் கால் விரல்களில் குளிர்வெடிப்பு. தண்ணீர்க் குழாய் உறைந்து நான்கு நாளாகிறது. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

அவரை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சொந்த மைதானத்தில் ஐந்து கோல் வாங்கித் தோற்றோம். அதற்கு அடுத்த நாள் ஸ்டான் ஹெப்டனும் இன்னும் மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். ஸ்டானை உங்களுக்குத் தெரியும். இவரோடு ரயில்வே சிக்னல் அறையில் வேலை பார்த்தவர், மைதானத்தில் கால்வாய் முனை என்கிற, நின்று பார்க்கும் படிகளில் இவருக்கு இடப்பக்கம் நிற்பவர். நால்வரும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றார்களே தவிர, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எர்னி, ஒன்மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் கெடையாது," என்றார் ஸ்டான். "முப்பத்தோரு வருஷமா பக்கத்துப் பக்கத்துல நின்னிருக்கோம். ஆனா நீ வந்தா தோக்குறோம்ப்பா. அவ்ளோதான்."

இவர் பன்றியிறைச்சி அடைத்த பேஸ்ட்ரி இருந்த தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "தெரியும்டா. நானே சொல்லணும்னுதான் இருந்தேன்," என்றார். பரணிலிருந்து பெட்டியை அவரே இறக்கினார். நான் சட்டைகளை இஸ்திரி போட்டேன், அவ்வளவுதான்.

கடைசி இரண்டு இடங்களில் முடித்தால் மீண்டும் கீழே இறங்கிவிடுவோம். இப்போது நாங்கள் கடைசிக்கு முந்திய இடத்தில் இருக்கிறோம். அடுத்த சொந்த மைதான ஆட்டம் முடியும்வரையாவது அவர் அங்கே இருக்கட்டும்.

மிஸ் த்ரெல்ஃபாலிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஹில்டா


விட்பி
24 ஜனவரி 1963

அன்புள்ள ஹில்டாவுக்கு,

குழாய் சரியாகி, நீயும் உடல் தேறியிருப்பாய் என நினைக்கிறேன். இங்கே துறைமுகச் சுவரில் மோதும் அலை அப்படியே உறைந்து நிற்கிறது. என் முழங்காலும் அவ்வாறே.

இரண்டு வாரம் என்றேன். நான்காவது வாரம் நடக்கிறது. அடுத்த ஆட்டம் முடியும்வரை என்று நீ கேட்டாய். நாடு முழுவதும் மைதானங்கள் பனிக்கடியில் கிடக்கின்றன. ஒரு ஆட்டமும் நடக்கவில்லை. எப்போது நடக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆட்டமே இல்லாதபோது எர்னஸ்ட் எங்கே இருந்தால் என்ன? உங்கள் மூடநம்பிக்கையின் விதிகளையே ஏற்றுக்கொண்டு வாதாடுகிறேன் என்பதைக் கவனி. பார்ப்பதால்தானே அவன் தீங்கு விளைவிக்கிறான்? பார்க்க ஒன்றும் இல்லாதவன் தீங்கற்றவன். அவனை அழைத்துக்கொள்.

இங்கே அவன் செய்வது வருமாறு. காலை உணவு மேசையில் உப்புக் குப்பி, மிளகுக் குப்பி, மார்மலேடு ஜாடி, முட்டைக் கிண்ணங்கள் ஆகியவற்றை அணிவகுத்து நிறுத்தி, டிசம்பரில் வாங்கிய ஐந்து கோல்களையும் ஒவ்வொன்றாக மீண்டும் நடத்திக் காட்டுகிறான். ஓய்வுபெற்ற தேவாலய இசை ஆசிரியரான திரு. பிம் உப்புக்காகக் கையை நீட்டினால், "அதத் தொடாதீங்க சார், அவன் நம்ம கோல்கீப்பர்," என்கிறான். திரு. பிம் இப்போது உப்பில்லாமல் உண்கிறார். அவர் வேறு விடுதி தேடினால் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

விரைவில் பதில் எழுது.

வினிஃப்ரெட்


கால்டர்பரோ
4 பிப்ரவரி 1963

அன்புள்ள வினிஃப்ரெட்,

உங்களையும் விடுதியில் உள்ளவர்களையும் கடவுள் நலமாக வைத்திருக்கட்டும். நான் நலம். கொல்லைப் பனியை அள்ளியதில் உள்ளங்கை கொப்புளித்திருக்கிறது. அதனால்தான் எழுத்து கோணலாக இருக்கிறது.

நீங்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் நிலைமை மாறிவிட்டது. ஆட்டங்கள் நடக்காததால், ஆட்ட முடிவுகளை ஊகித்துப் பந்தயம் கட்டும் பூல்ஸ் சீட்டுக்காரர்கள் லண்டனில் ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். பெரிய மனிதர்கள் சிலர் ஹோட்டல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, நடக்காத ஆட்டங்களுக்கு முடிவு சொல்கிறார்கள். ஆட்டம் நடந்திருந்தால் யார் வென்றிருப்பார்கள் என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். முதல் சனிக்கிழமை டவுனுக்கு வெற்றி கொடுத்தார்கள். அப்போது இவர் உங்களிடம் இருந்தார்.

சென்ற வெள்ளிக்கிழமை, கம்பளி உள்சட்டை எடுக்கவென்று இவர் வந்துவிட்டுச் சனிக்கிழமை மத்தியானம் திரும்பினார் அல்லவா? அன்று டவுனுக்குத் தோல்வி என்று குழு சொல்லிவிட்டது. ஸ்டான் சந்தையில் என்னைப் பார்த்து, "நடக்காத ஆட்டத்தையே தோக்கடிச்சிட்டுப் போயிட்டான் பாத்தீங்களா அம்மணி," என்றார்.

அந்த முடிவுகள் புள்ளிப் பட்டியலில் சேராது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஊரில் எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். இந்த நேரத்தில் அவர் வந்தால் அவருக்குத்தான் மனக்கஷ்டம். இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள். உள்சட்டைகள் இன்னும் இரண்டு தபாலில் அனுப்புகிறேன். அவர் நேரில் வர வேண்டாம்.

அன்புடன்,
ஹில்டா


கால்டர்பரோ
18 மார்ச் 1963

அன்புள்ள வினிஃப்ரெட்,

நலமா? உங்கள் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் விட்டதற்கு வருந்துகிறேன். பிப்ரவரியில் எழுதியதில் நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மார்ச் முதல் வாரத்தில் எழுதியதைப் பாதிதான் படித்தேன், மன்னியுங்கள். இங்கே வேலை அதிகமாகிவிட்டது.

பனி உருகிவிட்டது. ஒன்பதாம் தேதி சொந்த மைதானத்தில் ஆடி, இரண்டுக்குப் பூஜ்யம் என்று வென்றோம். சனிக்கிழமை மாலை ஆட்டச் செய்திகளோடு அச்சாகும் பச்சைத் தாளை அவருக்காக இத்துடன் வைத்திருக்கிறேன். தரை முழங்கால்வரை சேறு. இரண்டு அணிச் சட்டைக்கும் நிற வித்தியாசமே போய்விட்டது. நம் ஆட்டக்காரன் லோமாக்ஸ் அடித்த முதல் கோல் பந்தின் வேகத்தால் போனது இல்லை. எதிரணிக் கோல்கீப்பர் சேற்றில் வழுக்கி உட்கார்ந்துகொண்டதால் போனது. எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தபோது நம் கோல்கீப்பர் பார்க்கின் என்பவன் கோல் கம்பத்திடம் ஏதோ பேசினான். எப்போதும் அப்படித்தானாம், உதடு அசைவது நன்றாகத் தெரிந்தது. தடுத்துவிட்டான். பின்னால் நின்ற ஒருவர், "கம்பம் என்ன பதில் சொல்லிச்சு பார்க்கின்?" என்று கத்தினார், அவனும் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

அவர் இல்லாமல் வென்றோம் என்பதை அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். இனி ஏப்ரலில் பருவம் முடியாது. தள்ளிப்போன ஆட்டங்களுக்காக மே மாதம் மூன்றாம் வாரம்வரை நீட்டிவிட்டார்கள். அதுவரை என்று கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. கேட்கிறேன்.

அன்புடன்,
ஹில்டா


விட்பி
22 மார்ச் 1963

அன்புள்ள ஹில்டாவுக்கு,

நீ நலம் என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது. அவ்வளவு உற்சாகமான கடிதத்தை இருபத்தாறு ஆண்டுகளில் நீ எனக்கு எழுதியதில்லை.

நீ அனுப்பிய பச்சைத் தாளை எர்னஸ்ட் படித்து முடித்ததும் நான் படித்தேன். காற்பந்தில் எனக்கு ஆர்வமில்லை, சான்றுகளில் உண்டு. கோல்கீப்பர் வழுக்கியது தாளில் இருக்கிறது. பெனால்டி தடுக்கப்பட்டது இருக்கிறது. அவன் கம்பத்திடம் பேசியது இல்லை. பின்னால் நின்றவர் கத்தியதும் அதற்கு அவன் சிரித்ததும் இல்லை. "பின்னால்" என்று எழுதியிருக்கிறாய். யாருக்குப் பின்னால், ஹில்டா?

ஒன்றைப் பிடித்து இழுத்ததும் மற்றதும் வந்தது. பிப்ரவரியில் கொல்லைப் பனியை அள்ளிக் கை கொப்புளித்ததாக எழுதினாய். உங்கள் கொல்லை மூன்றடி அகலம். குப்பைத் தொட்டியே அதில் பாதி. மைதானத்துப் பனியை அகற்ற ஊர்மக்கள் மண்வாரியோடு போனதாக எர்னஸ்டின் வானொலி சொன்னது. அன்று நான் அதைக் கவனிக்கவில்லை.

என் தம்பி இங்கே மூன்று மாதமாகத் தன்னைச் சபிக்கப்பட்டவன் என்று நம்பிக்கொண்டு கிடக்கிறான். நேற்று மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு என்னிடம், "நான் என்ன பாவம் பண்ணேன்னு தெரியல வினி. ஆட்டத்தப் பாத்தேன், வேற ஒண்ணும் பண்ணல," என்றான். அந்த நேரத்தில் நீ அவன் இடத்தில் நின்றுகொண்டிருந்தாய் என்றால், எனக்கு அதை அறியும் உரிமை உண்டு. நான் எளிதில் சினம் கொள்பவள் அல்ல, இப்போது கொண்டிருக்கிறேன்.

உண்மையை எழுது.

வினிஃப்ரெட் ஆக்ராய்ட்


கால்டர்பரோ
7 ஏப்ரல் 1963

அன்புள்ள வினிஃப்ரெட்,

உங்கள் உடல்நலம் எப்படி? என்னுடையதைக் கேட்காதீர்கள், உங்கள் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

ஆமாம், நின்றேன்.

அவரை அனுப்பியபோது அந்த எண்ணம் இல்லை. இதை நம்புங்கள். ஜனவரி கடைசியில் மைதானத்துப் பனியை வார ஆள் வேண்டும் என்றார்கள். ஸ்டானின் மனைவியோடு போனேன். அன்றுவரை நான் அந்தச் சுவருக்குள் கால் வைத்ததில்லை. படிகளைச் சுத்தம் செய்துகொண்டே வந்தபோது ஸ்டான், "அம்மணி, நீங்க நிக்கிறீங்களே, அதான் எர்னியோட எடம்," என்றார். நான்காம் படி, இரும்புக் கம்பிக்குப் பின்னால். கம்பியில் அவர் கை வைக்கும் இடத்தில் மட்டும் பச்சைப் பெயின்ட் போயிருந்தது. அங்கிருந்து பார்த்தால் முழு மைதானமும் வெள்ளையாக, ஒரு காலடித் தடம்கூட இல்லாமல் கிடந்தது.

இருபத்தாறு வருஷம். சனிக்கிழமை ஐந்து மணிக்கு அவர் வாசற்கதவைச் சாத்துகிற சத்தத்தை வைத்துத்தான் ஜெயித்தோமா தோற்றோமா என்று எனக்குத் தெரியும். ஜெயித்தால் பேசுவார். தோற்றால் பேச மாட்டார். எப்படி ஜெயித்தோம் என்று நான் ஒருமுறை கேட்டேன். "ஒனக்குச் சொன்னா புரியாது," என்றார். அப்புறம் கேட்கவில்லை.

மார்ச் ஒன்பதாம் தேதி கடிகாரத்துக்குப் பின்னால் இருந்த அவருடைய சீசன் டிக்கெட்டை எடுத்தேன். அவருடைய தொப்பியைப் போட்டுக்கொண்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டான் மட்டும் கொஞ்சம் நகர்ந்து நின்றார். வினிஃப்ரெட், எனக்குப் புரிந்தது. எல்லாமே புரிந்தது. அதுதான் எனக்குக் கோபம்.

அதற்குப் பிறகு மூன்று ஆட்டம் சொந்த மைதானத்தில். தோற்கவில்லை. என்னால்தான் என்கிறார்கள். யாரால் என்றாலும் எனக்கு ஒன்றுதான். அவர் திரும்பினால் அந்த இடம் அவருடையது. நான் மறுபடியும் சமையலறைக்குப் போக வேண்டும். இந்த ஒரு பருவத்தை மட்டும் எனக்கு முடித்துக் கொடுங்கள். கடைசி ஆட்டம் மே பதினெட்டு.

அவரிடம் சொல்ல நினைத்தால் சொல்லுங்கள். தடுக்க எனக்கு வாயில்லை.

ஹில்டா


விட்பி
16 ஏப்ரல் 1963

அன்புள்ள ஹில்டாவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். ஒழுங்காகச் சாப்பிடு, பட்டினியால் யாருக்கும் புத்தி தெளிந்ததில்லை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் பதினைந்தாம் வயதில், ஆலை வேலை முடிந்து முதன்முறையாக நூலகத்துக்குள் நுழைந்தபோது, மேசைக்குப் பின்னாலிருந்தவர் என் கைகளைப் பார்த்துவிட்டு, யாருக்காகப் புத்தகம் வாங்க வந்தாய் என்று கேட்டார். எனக்காக என்றேன். அவர் நம்பவில்லை. அவருடைய முகத்தை இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும். இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே மே பதினெட்டு வரை அவன் இங்கே இருப்பான். பொய் சொல்ல மாட்டேன். கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லவும் மாட்டேன். ஆனால் நீ செய்தது சரியென்று சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. அவனிடம் நேராகக் கேட்டிருக்க வேண்டும். ஒரு மனிதனை ஊரைவிட்டு அனுப்பிவிட்டு அவன் இடத்தில் நிற்பதைவிட, அவன் பக்கத்தில் நிற்பதாகச் சொல்வது எளிது. உங்கள் இருவருக்கும் அது தோன்றாதது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

மிஸ் த்ரெல்ஃபால் சனிக்கிழமைகளில் கரண்டியை இடக்கையில் பிடிக்கத் தொடங்கிவிட்டாள். வம்பு வேண்டாம் என்றுதான் என்கிறாள். திரு. பிம் தன் பங்கு உப்பைத் தனியே காகிதத்தில் மடித்துக் கொண்டுவருகிறார். படித்தவர்கள் நிறைந்த இல்லமாக இது இருந்தது.

வினிஃப்ரெட்


விட்பி
17 மே 1963, காலை

அன்புள்ள ஹில்டாவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதைப் பத்து மணித் தபாலில் சேர்க்க வேண்டும். நாளைக் காலை உன் கையில் கிடைத்துவிடும்.

எர்னஸ்ட் நாளை முதல் ரயிலில் அங்கே வருகிறான். கடைசி ஆட்டத்தைப் பார்க்கப் போகிறான். காலை உணவின்போது அறிவித்தான். இம்முறை உப்புக் குப்பியைத் தொடவில்லை. நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். ஐந்து மாதமாக எந்த மூடநம்பிக்கையை மறுத்து வாதாடினேனோ, அதையே அவனைத் தடுக்க எடுத்துப் பேசும் நிலைக்கு வந்தேன் என்பதை எழுதவே கை கூசுகிறது. நீ போனால் தோற்பார்கள் என்றேன். என் வாயால் சொன்னேன்.

அவன் கோபப்படவில்லை. "ஒரு புள்ளி கெடச்சா தப்பிச்சிருவோம். தெரியும் வினி," என்றான். "ஆனா நான் இல்லாம தப்பிச்சா அது எனக்கு என்ன? அவங்க எறங்கினாலும் நான் அங்க நின்னு எறங்கணும்."

 உன்னைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. என்ன செய்வதென்று நீ முடிவு செய்.

வினிஃப்ரெட்


கால்டர்பரோ
21 மே 1963

அன்புள்ள வினிஃப்ரெட்,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் உடம்புக்கு நன்றாகவே இருக்கிறோம்.

முடிவை வானொலியில் கேட்டிருப்பீர்கள். இறங்கிவிட்டோம். எப்படி என்று வானொலி சொல்லியிருக்காது.

உங்கள் கடிதம் சனிக்கிழமை காலை கிடைத்தது. வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனாலும் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனேன். ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் படியேறி வந்தார். ஸ்டான், "எர்னி, எங்கப்பா வந்த?" என்று கேட்டார். இவர் என்னையே பார்த்தார்.

"அது என் தொப்பி," என்றார்.

"ஆமா," என்றேன்.

"எவ்ளோ நாளா?"

"மார்ச்சிலேர்ந்து."

"எத்தன தோத்தோம்?"

"ஒண்ணும் தோக்கல."

அவர் தலையாட்டினார். நான் இடத்தை விட்டு நகரப் போனேன்; சுற்றி இருந்தவர்கள் விடவில்லை. அவரைத் துரத்தவும் யாருக்கும் மனம் வரவில்லை. ஐந்தாறு பேர் கூடிப் பேசினார்கள். கடைசியில் ஸ்டான் வந்து, உள்ளே நிற்கலாம், ஆனால் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது என்றார். இவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கம்பியில் சாய்ந்து, என் முகத்துக்கு நேரே நின்றார். சுற்றிலும் முப்பதாயிரம் பேர், அதில் ஒருவர் மட்டும் மறுபக்கம் பார்த்துக்கொண்டு.

நான் சொல்லிக்கொண்டே வந்தேன். யாரிடம் பந்து, யார் விழுந்தார்கள் என்று. "லோமாக்ஸ் எந்தப் பக்கம்?" என்றார். "எடது பக்கம். முழங்கால் வலிக்குது போல, கால இழுக்குறான். அதனால உள்ள வந்து வலது காலால அடிக்கத்தான் பாப்பான்," என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார். கண் இருக்கிறது என்றேன். அதற்கப்புறம் அவர் எதற்கும் கத்தவில்லை. குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

எண்பத்தாறு நிமிடம் கோல் இல்லை. சமநிலையே எங்களுக்குப் போதும். அப்போது லோமாக்ஸ் பந்தோடு தனியாக வந்தான், நாங்கள் நின்ற பக்கம் இருந்த எதிரணிக் கோலை நோக்கி. முன்னால் கோல்கீப்பர் மட்டும். நான் சொன்ன மாதிரியே உள்ளே வெட்டி வந்தான். முப்பத்தொரு வருஷம் நின்ற மனிதர், இதைப் பார்க்காமல் போகக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. யோசிக்கவில்லை. "பாருங்க," என்று அவர் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன்.

பந்து கம்பத்தில் பட்டு வெளியே வந்தது. அவர்கள் எடுத்து நான்கே உதையில் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்க் கோல் போட்டார்கள்.

மிச்ச நிமிடங்களில் ஒன்றும் மாறவில்லை. ஸ்டான் இவரைப் பார்த்தார். "திரும்புனியா எர்னி?"

"ஆமா," என்றார் இவர். "கழுத்து வலிச்சுது."

அவ்வளவுதான் சொன்னார். எல்லாரும் அவரைச் சுற்றி இடம் விட்டு இறங்கிப் போனார்கள். மூன்று நாளாக ரொட்டிக் கடையில்கூட அவரோடு யாரும் பேசுவதில்லை. வீட்டிலும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்மேல் கோபமும் இல்லை. நான் வாய் திறந்தால், தேநீர் வேண்டுமா என்று கேட்கிறார்.

நீங்கள் படித்தவர். சொல்லுங்கள். என் கையால்தான் இறங்கினோமா?

ஹில்டா


விட்பி
25 மே 1963

அன்புள்ள ஹில்டாவுக்கு,

இருவரும் நலம் என்று எழுதியிருந்தாய். உடலைப் பொறுத்தவரை என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒருவனுடைய கழுத்து எந்தத் திசையில் இருக்கிறது என்பதற்கும், முப்பது கஜத்துக்கு அப்பால் ஒரு பந்து எங்கே படுகிறது என்பதற்கும் எவ்விதத் தொடர்பும் கிடையாது. இதை ஜனவரியில் எழுதினேன், நீ ஏற்கவில்லை. பிப்ரவரியில் எழுதினேன், பதிலே இல்லை. மார்ச்சில் எழுதியதைப் பாதி படித்தாய். இப்போது மே மாதத்தில், அதே விடையைத் தரும்படி என்னைக் கெஞ்சிக் கேட்கிறாய். தருகிறேன். உன் கையால் இறங்கவில்லை. எர்னஸ்டின் கண்ணாலும் இறங்கவில்லை. குளிர்காலம் முழுவதும் யார் எங்கே நிற்பது என்று நீங்கள் கவலைப்பட்ட நேரத்தில், பதினொரு பேர் மோசமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். அதனால் இறங்கினீர்கள்.

ஆனால் உன்னை வாட்டுவது அதுவன்று. அவன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டான், நீ அதை அனுமதித்துக்கொண்டிருக்கிறாய். அறுபது வயதுவரை ஒரு நாளும் வாயை மூடாத என் தம்பி, வாழ்க்கையில் முதன்முறையாக மூடியிருக்கிறான். அதற்கு மிகத் தவறான தருணத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். உங்கள் இருவரின் பெருந்தன்மையும் எனக்குப் பொறுக்கவில்லை.

ஸ்டான் ஹெப்டனிடம் போய்ச் சொல். எல்லாருடைய முன்னிலையிலும் சொல். அதன்பின் அந்த இடம் உனக்கு இல்லாமல் போகலாம். தெரிந்தேதான் சொல்கிறேன்.

எர்னஸ்ட் இருந்த பின்னறையைப் பெருக்கித் துடைத்தாயிற்று. இல்லம் மிக அமைதியாக இருக்கிறது. அமைதி நல்லது.

வினிஃப்ரெட்


கால்டர்பரோ
4 ஜூன் 1963

அன்புள்ள வினிஃப்ரெட்,

உங்களுக்கும் திரு. பிம், மிஸ் த்ரெல்ஃபால் இருவருக்கும் எங்கள் அன்பு.

சொல்லிவிட்டேன். நேற்று அடுத்த பருவத்துக்கான சீசன் டிக்கெட் வாங்க மைதான வாசலில் வரிசை. கால்வாய் முனைக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள்; இவருக்கு முன்னும் பின்னும் ஓர் ஆள் இடைவெளி விட்டு. நான் ஸ்டானிடம் போய், அவரைத் திருப்பியது நான் என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். இவர், "விடு ஹில்டா," என்றார். நான் விடவில்லை.

ஸ்டான் தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றினார். பிறகு, "அப்போ ரெண்டு பேர்ல யாரு?" என்றார்.

வருந்துவார்கள், மன்னிப்புக் கேட்பார்கள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இல்லை. வரிசையில் நின்றபடியே அதை விவாதித்தார்கள். திரும்பிய கண்ணா, திருப்பிய கையா என்று. இரண்டாம் டிவிஷனில் எர்னி இருந்தபோது தீங்கு வந்ததில்லை என்றார் ஒருவர். அப்படியானால் அம்மணிதான் என்றார் இன்னொருவர். கடைசியில் ஸ்டான், மரியாதையாகத்தான் சொன்னார், ஆகஸ்டில் முதல் சில ஆட்டங்களுக்கு எர்னி மட்டும் நிற்கட்டும், நான் எங்காவது சொந்தக்காரர் வீட்டில் இருந்தால் நல்லது என்று. விட்பியில் நாத்தனார் இருக்கிறார்கள்தானே என்றார்.

"முடியாது ஸ்டான்," என்றேன். "ஜெயிச்சாலும் தோத்தாலும் நான் அங்கதான் நிப்பேன். ஒங்களுக்குப் பயமா இருந்தா நீங்க தள்ளி நில்லுங்க."

 அதற்குள் இவருடைய முறை வந்துவிட்டது. ஜன்னலுக்குள் இருந்தவர் பெயரேட்டைப் புரட்டி, வழக்கம்போல் ஒன்றுதானே என்று கேட்டார். இவர் ஜன்னலுக்கு முன்னாலிருந்து ஓரடி விலகி, என்னைப் பார்த்தார்.

"ரெண்டு," என்றேன் நான். "நாலாம் படி."

நிற்குமிடத்து டிக்கெட்டில் படியெல்லாம் எழுதுவதில்லை அம்மா என்றார் ஜன்னலுக்குள் இருந்தவர். தெரியும் என்றேன்.

என்றும் அன்புடன்,
ஹில்டா ஆக்ராய்ட்